அவனை விடு

பெல்ஜியத்தின் ஸ்பா பந்தயப் பாதையில் நடந்த இரண்டாவது கார்ப் போட்டிக்குப் பிறகுதான் அண்ணனும் தங்கையும் அணியின் வானொலியில் தமிழ் பேசத் தொடங்கினார்கள்.

அதுவரை லக்ஸன் தங்கையிடம் ஜெர்மனில்தான் பேசினான். அவன் அணியின் பொறியாளர். பாதையின் மதிலோரம் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, காரில் இருக்கும் லவினியாவின் காதுக்குள் பேசுவது அவன் வேலை. அன்று, "முன் டயர் முடிந்துவிட்டது, கடைசி வளைவில் பார்த்துப் போ" என்றான். பக்கத்து அணி அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. அடுத்த சுற்றில் பின்னால் வந்தவன் அதே வளைவில் உள்ளே நுழைந்து அவளைக் கடந்துபோனான்.

மாலையில் அணித் தலைவர் ஜூலியன் கேட்டார். "நீங்கள் வீட்டில் ஒரு மொழி பேசுகிறீர்களே. அதில் பேசினால் என்ன?"

"அது சாப்பாட்டு மேசை மொழி," என்றாள் லவினியா. "அதில் காருக்குச் சொல் இல்லை."

லக்ஸன் அவளிடம் தமிழில் சொன்னான். "காருக்கு என்ன சொல் வேணும்? வாறான், போறான், பொறு. அவ்வளவு காணும்."

"டயருக்கு?"

"சில்லு."

அவள் சிரித்தாள். "அம்மா சைக்கிளுக்குச் சொல்லுறது."

"அது சில்லுதானே."

அவளுக்குப் பத்தொன்பது வயது. அவன் எட்டு வயது மூத்தவன். இருவரும் ஜெர்மனியில், பீலெஃபெல்டில் பிறந்தவர்கள். தாயும் தகப்பனும் இலங்கையின் மன்னாரிலிருந்து வந்தவர்கள். தகப்பன் ஜேசுரட்ணம் பாண், ரொட்டி சுடும் தொழிற்சாலையில் வேலை செய்தார். போட்டி நடக்கும் வார இறுதிகளில் அணியின் லொறியை ஓட்டினார். ஐரோப்பா முழுக்க லொறியைக் கொண்டுபோனாரே தவிர ஒரு போட்டியையும் அவர் கண்ணால் பார்த்ததில்லை. கார்கள் கிளம்பும்போது லொறிக்குப் பின்னால் போய்விடுவார். செபமாலை கையில் இருக்கும். சத்தம் அடங்கியதும் வந்து கேட்பார்.

"முழுசா வந்திட்டாளா?"

"வந்திட்டாள் அப்பா."

"அது காணும்."

எத்தனையாவதாக வந்தாள் என்று சில நாட்களில் கேட்பார். சில நாட்களில் கேட்க மாட்டார்.

தமிழ் வேலை செய்தது. மே மாதம் புடாபெஸ்டில் நான்காவதாக வந்தாள். நூர்பர்க்ரிங்கில் இரண்டாவது. மெக்கானிக்குகள் இரண்டு சொற்களைப் பிடித்துக்கொண்டார்கள். 'ஆம்' என்பதற்கு அவள் சொல்லும் 'ஓம்' என்பதை ஜூலியன் முதலில் யோகா என்று நினைத்தார். பிறகு அவரே கூட்டங்களில் 'ஓம்' என்று சொல்லத் தொடங்கினார். 'ஏலாது', அதாவது முடியாது, என்றால் அவள் எப்படியும் செய்யப்போகிறாள் என்று அர்த்தம் என்று புது ஆட்களுக்கு விளக்கினார்.

ஆகஸ்டில் ஸான்ட்வோர்ட் போட்டியும் கேவலார் மாதா கோயில் திருயாத்திரையும் ஒரே நாளில் வந்தன. தாய் பற்றிமா கேவலாருக்குப் போனாள். ஆயிரக்கணக்கான சனத்துக்கு நடுவில் நின்றுகொண்டு தொலைபேசி எடுத்தாள். மெழுகுதிரி கொளுத்தியாயிற்று, இனிப் பயமில்லை என்றாள். லவினியா அன்று வென்றாள். அதன் பிறகு பற்றிமா கேட்டதையெல்லாம் மாதா பார்த்துக்கொள்வார் என்று வீட்டில் ஆயிற்று.

செப்டம்பரில் ஜூலியன் விசயத்தைச் சொன்னார். மேல் வகுப்பில் ஓடும் ஒரு பெரிய அணி அடுத்த வருடத்துக்கு ஆள் தேடுகிறது. இந்தச் சாம்பியன்ஷிப்பில் வருட முடிவில் முதல் மூன்று இடங்களில் இருப்பவர்களை மட்டும் கூப்பிட்டுப் பார்க்கும். நான்காவது ஆளைக் கூப்பிடாது. ஜூலியனின் அணி இந்த வருடத்தோடு மூடுகிறது.

அழைப்பு வராவிட்டால் லவினியாவுக்கு ஓட்டக் கார் இல்லை. பீலெஃபெல்டில் ஒரு பல் வைத்தியர் அவளுக்கு அவுஸ்பில்டுங், தொழிற்பயிற்சி இடம் ஒன்றை ஒதுக்கி வைத்திருந்தார். பற்றிமாவின் பல்லைப் பார்க்கிறவர். நவம்பர் வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார்.

வீட்டில் அது சுருங்கி ஒரு வசனமாயிற்று. மூன்றாவதாக வரவேண்டும்.

கடைசிப் போட்டி ஹொக்கன்ஹைமில். அங்கே போகும்போது முதல் இரண்டு இடங்கள் முடிவாகியிருந்தன. மூன்றாம் இடத்தில் லவினியாவும் ஒரு டென்மார்க்காரனும் ஒரே புள்ளியில் நின்றார்கள். அவனுடையது நீலக் கார். ஞாயிறு போட்டியில் இருவரில் யார் முன்னால் வருகிறாரோ அவருக்கு அந்த இடம். அவ்வளவுதான்.

"நீலத்துக்கு முன்னால நில். வேற ஒண்டும் வேண்டாம்," என்றான் லக்ஸன்.

"தெரியும்."

"சரி, தெரிஞ்சதைச் செய்."

அவள் ஹெல்மெட்டைப் போட்டாள். ஜேசுரட்ணம் அவளுடைய ஹெல்மெட்டில் சிலுவை போட்டுவிட்டு லொறிக்குப் பின்னால் போனார்.

தொடக்கத்தில் நீலக் கார் யாரையோ இடித்தது. நடுவர்கள் விசாரிப்பதாகத் திரையில் வந்தது. லக்ஸன் அவளுக்குச் சொன்னான்.

"நீலத்தைப் பாக்கினம். தண்டனை குடுப்பினமோ தெரியாது."

"நல்லது."

பாதித் தூரத்தில் அவள் இரண்டாவதாக ஓடினாள். பின்னால் ஒரு இத்தாலியன். அவனுக்குப் பின்னால் நீலம். லக்ஸன் நேரங்களைப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. குறைவாகப் பேசினான்.

முடிய ஐந்து சுற்று இருக்கும்போது இத்தாலியன் ஹெயார்பின் வளைவில் நான்கு சில்லும் கோட்டுக்கு வெளியே போய், குறுக்கே வந்து, அவளுக்கு முன்னால் ஏறினான். எல்லாத் திரைகளிலும் அது தெரிந்தது.

"அண்ணா, கண்டனியா?"

"கண்டன்."

"வெளியால போய் வந்தவன். இடத்தைத் திருப்பித் தரச் சொல்லு."

"நடுவர்கள் பாக்கினம்."

"எப்ப பாத்து முடிப்பினம்?"

இத்தாலியனை அவள் துரத்தினாள். இரண்டு முறை பிரேக்கில் சில்லுகள் பூட்டிப் புகை வந்தது. நீலம் நெருங்கியது. இத்தாலியனை அவள் மறக்க வேண்டும் என்று லக்ஸன் நினைத்தான். அவனுக்கு எப்படியும் தண்டனை வரும். அவனோடு சண்டை பிடித்தால் டயர் போய்விடும்.

"அண்ணா, அவன் கள்ளன்."

"அவனை விடு," என்றான். "லவி, விடு. சண்டை வேண்டாம்."

நீலம் அவளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தது.

"ஓம்," என்றாள்.

நேர்ப்பாதையில் அவளுடைய கார் வலப்பக்கம் ஒதுங்கியது. நீலம் இடப்பக்கத்தால் போனது. லக்ஸன் திரையைப் பார்த்தான். அவள் வேகமிதியிலிருந்து காலை எடுத்த இடத்தில் வேகக் கோடு கீழே இறங்கியிருந்தது.

"என்ன நடந்தது? கியரா?"

"இல்லை."

"ஏன் விட்டனி?"

"நீதானே விடச் சொன்னனி."

அவன் பொத்தானை அழுத்தினான். பொத்தானை விட்டான். மறுபடி அழுத்தி ஜெர்மனில் பேசினான். நீலத்தைப் பிடி, அவனுக்குத் தண்டனை இன்னும் வரவில்லை, திரும்பப் பிடி. பக்கத்து அணிகள் திரும்பிப் பார்த்தன. ஜூலியன் தன் காதுக் கருவியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார்.

"என்ன சொன்னாய் அவளுக்கு?"

லக்ஸன் கையைக் காட்டி அவரை நிறுத்தினான்.

மூன்று சுற்றுகள் இருந்தன. அவள் நீலத்துக்குக் கிட்டப் போனாள். இரண்டு முறை பக்கத்தில் போனாள். ஆனால் முன் டயர்கள் முடிந்திருந்தன. அந்த டயர்களை வைத்து ஒருவனைத் தடுத்து நிறுத்தலாம். கடக்க முடியாது. லக்ஸனுக்கு அது எண்களில் தெரிந்தது. அவளுக்கு அது கையில் தெரிந்திருக்கும். அவன் பேசுவதை நிறுத்தினான். நீலக் கார் மீது நடவடிக்கை இல்லை என்று திரையில் வந்தது.

அவள் நீலத்துக்குப் பின்னால் கோட்டைக் கடந்தாள்.

போட்டி முடிந்த கார்களை வேலிக்குள் நிறுத்துவார்கள். நடுவர்கள் சோதிக்கும்வரை அணியினர் உள்ளே போகக் கூடாது. லக்ஸன் வேலிக்கு வெளியே நின்றான். எல்லோரும் இறங்கிவிட்டார்கள். அவள் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். ஒரு அலுவலர் குனிந்து எதையோ சொன்னார். இறங்கினாள். நிறை பார்க்கும் தட்டில் ஏறி நின்றாள். அவன் பக்கம் திரும்பவில்லை.

பிறகு ஒலிபெருக்கியில் சொன்னார்கள். இத்தாலியனுக்கு ஐந்து நொடி தண்டனை. அவன் கீழே போனான். டென்மார்க்காரன் இரண்டாவது. லவினியா மூன்றாவது.

போட்டியில் மூன்றாவது. வருடத்தில் நான்காவது.

மேடையில் அவளுக்குக் கிண்ணம் கொடுத்தார்கள். டென்மார்க்காரன் அவள் பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டான். அவள் தோளைக் குலுக்கினாள். தொலைக்காட்சிப் பெண் ஒருத்தி வானொலியில் அவர்கள் பேசும் அந்த அழகான மொழியைப் பற்றிக் கேட்டாள். இந்த வருடத்தின் இனிமையான கதை அது என்றாள். லவினியா நன்றி சொன்னாள். கடைசியில் என்ன நடந்தது என்ற கேள்விக்கு, கியர் ஒன்று தவறிவிட்டது, என் பிழை என்றாள்.

லக்ஸன் அதைத் திரையில் கேட்டான். பெரிய அணியின் ஆளும் இரண்டு கராஜ் தள்ளி நின்று அதே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் அவரிடம் போனான். தன்னை அறிமுகப்படுத்தினான். கியர் தவறவில்லை, ஒரு சொல்தான் தவறிவிட்டது என்றான். அந்தச் சொல்லுக்கு எங்கள் மொழியில் இரண்டு பொருள். முன்னால் போனவனைப் பொருட்படுத்தாதே என்று நான் சொன்னேன், பின்னால் வருபவனுக்கு வழி கொடு என்று அவள் விளங்கிக்கொண்டாள். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டார். அவள் நன்றாக ஓட்டினாள் என்றார். புள்ளிகள் புள்ளிகள்தான் என்றும் சொன்னார். கைகொடுத்தார்.

அவன் திரும்பியபோது லவினியா கராஜுக்குள் ஒரு டயர் அடுக்கின் மேல் இருந்தாள். கிண்ணம் தரையில் இருந்தது.

"எங்க போனனி?"

"அவரிட்டச் சொன்னன்."

"ஏன்?"

"கியர் எண்டு சொன்னால் உன்ர பேர்தானே கெடும்."

"இப்ப கெடேல்லையோ?"

அவன் கிண்ணத்தைத் தரையிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தான்.

"டென்மார்க்காரனும் கேட்டவன்," என்றாள். "ஏன் விட்டனி எண்டு. அவனுக்கே விளங்கேல்லை."

"நான் இத்தாலியனைச் சொன்னனான்."

"இப்ப தெரியும். தண்டனை வந்திட்டுது, அதான் நீலத்தை விடச் சொல்லுறாய் எண்டு நினைச்சன்."

"விடு எண்டால், கவனிக்காதை எண்டு. அம்மா எனக்கு அப்பிடித்தானே சொல்லுறவ. விடு, சின்னப்பிள்ளை, விடு எண்டு."

"உனக்கு அப்பிடிச் சொன்னவ," என்றாள் லவினியா. "எனக்கு, அண்ணாவுக்கு விடு எண்டு சொன்னவ. ஸோஃபாவை விடு. முன் சீட்டை விடு. வீட்டில எனக்கு விடு எண்டால் எழும்பி இடம் குடுக்கிறது."

அவள் குரலில் கோபம் இல்லை. விளக்கிச் சொல்வதுபோலச் சொன்னாள். அவன் வேறொன்றை எதிர்பார்த்திருந்தான்.

"திருப்பிக் கேட்டிருக்கலாம்," என்றான்.

"ஓம். கேட்டிருக்கலாம்."

கராஜ் வாசலில் ஜேசுரட்ணம் வந்து நின்றார். கையில் வீட்டில் பொரித்த றோல்ஸ் பெட்டி. முகம் முழுக்கச் சிரிப்பு. ஒலிபெருக்கி சொன்னதை அவர் லொறிக்குப் பின்னாலிருந்தே கேட்டிருந்தார்.

"மூண்டாவது," என்றார். "மூண்டு எண்டு சொன்னது எனக்கு வடிவாக் கேட்டது."

லவினியா எழுந்தாள். அவர் பெட்டியை லக்ஸனிடம் கொடுத்துவிட்டு அவளைக் கட்டிப்பிடித்தார். அவள் முகம் அவர் தோளுக்கு மேலால் தெரிந்தது. கண்களை மூடியிருந்தாள்.

"நான் ஒரு சுற்றும் பாக்கேல்லை பிள்ளை. ஆனால் தெரியும். மூண்டு வரும் எண்டு தெரியும்."

"அப்பா," என்றான் லக்ஸன்.

"பொறு. கொம்மாவுக்குச் சொல்லிப்போட்டன். பூசை முடிஞ்சு கோயில் ஹோலில நிக்கிறா. இன்னும் லைனில இருக்கிறா. இந்தா பிள்ளை, கதை."

லவினியா தொலைபேசியை வாங்கினாள். தாயின் குரல் வெளியே கேட்டது. வார்த்தைகள் கேட்கவில்லை.

"ஓம் அம்மா," என்றாள். "ஓம். இல்லை, காயம் ஒண்டும் இல்லை. ஓம்."

ஜூலியன் உள்ளே வந்தார். ஜேசுரட்ணம் லக்ஸனிடமிருந்து பெட்டியை வாங்கித் திறந்து நீட்டினார். ஜூலியன் ஒரு றோலை எடுத்தார். ஜேசுரட்ணம் அவருக்குத் தெரிந்த ஜெர்மனில், அடுத்த வருடம் பெரிய அணி, ஆனால் உங்களை மறக்க மாட்டோம் என்றார். ஜூலியன் லக்ஸனைப் பார்த்தார். லக்ஸன் ஆமென்றும் தலையாட்டவில்லை, இல்லையென்றும் ஆட்டவில்லை.

"நன்றி," என்றார் ஜூலியன். றோலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

லவினியா தொலைபேசியை லக்ஸனிடம் கொடுத்தாள்.

"தம்பி," என்றாள் பற்றிமா. "இஞ்ச எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். கலாதேவி அக்கா அழுறா. உன்னாலதான் தம்பி. நீதானே அவளுக்குக் காதுக்க சொல்லிச் சொல்லிக் கொண்டுவந்தனி."

"அம்மா."

"நாளைக்குக் காலமை பல் டொக்டருக்கு எடுத்துச் சொல்லப்போறன். பாவம், அந்த மனுசன் எவ்வளவு நாளாப் பொறுத்திருக்குது. எங்களுக்கு வேண்டாம், வேற பிள்ளைக்குக் குடுங்கோ எண்டு சொல்லுவம். யோசப்பின்ர மகளும் இடம் தேடுறாளாம்."

"அம்மா, பொறுங்கோ. இப்ப சொல்லாதேங்கோ."

"ஏன்?"

அவன் தங்கையைப் பார்த்தான். தகப்பன் அவள் கையில் கிண்ணத்தைக் கொடுத்து, படம் எடுப்பதற்காக வெளிச்சமான இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவளும் போய் நின்றாள்.

"ஏன் தம்பி? என்னத்துக்குப் பொறுக்கிறது?"

மறுபக்கம் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரோ கதிரைகளை இழுத்தார்கள்.

"லக்ஸன், கேக்குதா?"

"கேக்குது," என்றான்.