மூக்குக்கு ஒரு வாய்

கண்ணீருக்கு விலை கிடையாது என்பார்கள். என் அக்கா மகள் கிளாராவின் இடது கண்ணில் வடிந்த கண்ணீருக்கு இருதயராஜ் வாத்தியார் வைத்த விலை ஐந்து பவுன்.

தொண்ணூற்றேழில் நடந்தது. நிச்சயத்தன்று கிளாராவின் கண் வடிந்துகொண்டே இருந்தது. "பொண்ணு அழுவுதே, இஷ்டமில்லியா?" என்றார் வாத்தியார். மாப்பிள்ளை லூர்து பிரகாஷுக்கு அப்பா அவர். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே குழாய் அடைப்பு, ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்றேன். "பண்ணுங்க. சர்ட்டிபிகேட்டை எனக்குக் காட்டுங்க" என்றார். விழுப்புரத்தில் செய்தோம். கண் வடிவது நின்றது, தொல்லை ஆரம்பித்தது.

திண்டிவனத்தில் எனக்கு மல்லாட்டை மண்டி. சொத்தை எது, பருப்பு எது என்று கடலை மூட்டையைத் தட்டியே சொல்லிவிடுவேன். சர்ட்டிபிகேட்டில் இருந்த வார்த்தையோ இங்கிலீஷில் இருபது எழுத்து, நடுவில் மூச்சுவிட இடமில்லை: டாக்ரியோசிஸ்டோரைனாஸ்டமி.

முப்பத்தோரு வருஷம் இங்கிலீஷ் நடத்தியவர் சும்மா இருப்பாரா? சிவப்புப் பேனாவை எடுத்துச் சுழித்தார்.

"ஆர் பக்கத்துல ஹெச் வரணும். எங்க ஹெச்சு? டூப்ளிகேட்டு."

"டைப் அடிச்சவன் வுட்டுட்டான் சம்பந்தி."

"ஹெச்சோட வாங்கிக்கினு வாங்க."

கோயிலில் கல்யாண ஓலை இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. மூன்றாவதும் வாசித்து, தடை சொல்ல யாரும் எழுந்திருக்காவிட்டால்தான் கல்யாணம். நடுவில் ஆறு நாள். திங்களன்று விழுப்புரம் பஸ் ஏறினேன், டைப்பிஸ்ட் லீவு. புதனன்று போனேன், ஹெச்சைப் போட்டான், ஆனால் முதல் சி பக்கத்தில். "ஒரு எழுத்துக்கு இன்னா சார் இவ்ளோ பேஜாரு? கண்ணு நல்லாயிடுச்சில்ல?" என்று என்னையே கேட்டான். வெள்ளியன்று பக்கத்தில் நின்று விரலைக் காட்டி அடிக்கவைத்தேன். இருபத்தொன்றும் சரி.

வாத்தியார் எண்ணிப் பார்த்தார். பிறகு டிக்ஷனரியைப் புரட்டினார். முகம் கறுத்தது.

"ரைனோன்னா காண்டாமிருகம். சிஸ்ட்னா கட்டி. பொண்ணுக்கு உள்ள இன்னாத்த வச்சித் தைச்சிக்கீறாங்க? ரிஸ்க்கு எங்களுக்குத்தான். அஞ்சு பவுன் சேத்துப் போடுங்க, இல்லைன்னா ஓலையை நிறுத்துங்க."

"ஹெச் இல்லைன்னா போலி, இருந்தா காண்டாமிருகமா? நான் எங்கதான்யா போறது?" என்று கத்திவிட்டேன்.

சனிக்கிழமை எல்லோரும் பங்குச் சாமியார் சவுரிராயன் முன்னால் உட்கார்ந்தோம். குருமடத்தில் கிரேக்கம் படித்தவர் அவர். சர்ட்டிபிகேட்டைப் பார்த்ததும் பழைய சிநேகிதனைக் கண்டவர்போல ஆனார்.

"இது நாலு சொல்லு வாத்தியாரே. டாக்ரி, கண்ணீரு. லாசரு கல்லறைகிட்ட ஆண்டவர் அழுதாரே, அங்கேயும் இதான் வேர். கிஸ்டிஸ், பை. ரினோஸ்னா மூக்கோடன்னு அர்த்தம். அந்த மிருகத்துக்கு மூக்குல கொம்பு, அதனால அந்தப் பேரு. அந்த ஹெச் கிரேக்கத்துல எழுத்தே இல்ல. ஆர் தலைமேல ஒரு சுழி, மூச்சுக் காத்து. கடைசியா ஸ்தோமா, வாய். கண்ணீர்ப் பைக்கு மூக்குப் பக்கமா ஒரு வாய் தெறந்து வுட்டிருக்காங்க."

காற்றுக்காகவா மூன்று தடவை பஸ் ஏறினேன்?

வாத்தியார் விடவில்லை. "அப்போ ரெண்டு வாயா? பொம்பளைக்கு இருக்கிற ஒண்ணே ஜாஸ்தி. சரி, மூணு பவுன்."

மண்டிப் பழக்கம், "ரெண்டு" என்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கிளாரா பார்த்த பார்வையில் விழுங்கினேன்.

"மாமா," என்றாள் வாத்தியாரிடம், "புது வாய் தண்ணி போறதுக்கு. பேசறதுக்குப் பழைய வாய்தான். நாளைக்கு ஓலை வாசிச்சிட்டு, தடை உண்டான்னு ஃபாதர் கேப்பாரு. பவுன் பேச்சு இன்னும் இருந்துச்சுன்னா நானே எழுந்து சொல்லிடறேன்."

லூர்து பிரகாஷ் சிரித்துவிட்டான். அப்பா முறைத்தும் நிறுத்தவில்லை. "அவ சொல்லுவாப்பா," என்றான். "அவ சொன்னா நானும் எழுந்து நிப்பேன்."

வாத்தியார் சிவப்புப் பேனாவை மூடிப் பைக்குள் செருகினார்.

மறுநாள் ஓலை வாசித்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. கிளாராவின் கண் காய்ந்தே இருந்தது.

கணக்கு இதுதான்: கண்ணீர் ஒன்று, பை ஒன்று, மூக்கு ஒன்று, வாய் இரண்டு. பவுன் தள்ளுபடி. ஹெச் ஒன்று, அதுவும் காற்று. அந்தக் காற்றுக்கு பஸ் டிக்கெட் ஆறு; வாத்தியார் இன்னும் தரவில்லை.