கொட்டாஞ்சேனையில் பதியப்பட்ட கார்த்தேஜ் யானை

உலக வரலாற்றை எழுதியோர், எழுதிக்கொண்டிருப்போர், எழுதியதைப் பாடமாக்கிச் சோதனை பாஸ் பண்ணியோர் ஆகிய சகலருக்கும் இத்தால் அறியத்தருவது: கார்த்தேஜ் நகரத்தை ரோமர் அழித்தார்கள் என்பது பிழை. 1999ஆம் ஆண்டில் அது கொழும்பு கொட்டாஞ்சேனையில், லூசியா கோயில் மணி கேட்கும் தூரத்தில், கிளெமென்ற் என்பவரின் முன்னறைக் கணினியில் நல்ல நிலையில் இயங்கிவந்தது. அவ்வருடம் ஓகஸ்ட் பத்தொன்பதாம் திகதி, வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு, அதன் யானைகளில் ஒன்று கணினியிலிருந்து வெளியே வந்தது.

கிளெமென்ற் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் பத்திரங்கள் எழுதும் லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். கடிதம் எழுத வசதி என்று கனடாவிலிருக்கும் மகள் வாங்கிக் கொடுத்த கணினியில் அவர் ஒரு கடிதமும் எழுதவில்லை. பண்டைக்காலப் போர் விளையாட்டு ஒன்றில் கார்த்தேஜின் அதிபதியானார். ரோம், எகிப்து, கிரேக்கம் எல்லாம் இருக்க அவர் கார்த்தேஜைத் தெரிந்தெடுத்ததற்கு ஒரே காரணம், அங்கே நல்ல துறைமுகம் இருந்தது. மற்றவர்கள் இரண்டு மணித்தியாலத்தில் ரோமைப் பிடித்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள். கிளெமென்றின் யுத்தம் இரண்டு வருடமாக நடந்தது. ஒவ்வொரு கப்பலுக்கும் ஒவ்வொரு யானைக்கும் அனுமதிப்பத்திரம் எழுதி, மூன்று பிரதி எடுத்து, கையொப்பம் வைத்த பிறகே அவர் அதை அசையவிட்டார். கத்தோலிக்கர் ஒருவர் ரோமைத் தாக்கலாமா என்று மனைவி பிறிஜெற் கேட்டபோது, இது கிறிஸ்துவுக்கு முந்திய ரோம், பாவசங்கீர்த்தனம் தேவையில்லை என்று விளக்கம் கொடுத்தார். அன்றைக்கு முப்பத்தேழு யானைகளில் ஒன்றுக்கும் அதன் பாகன் கிஸ்கோவுக்கும் மட்டுமே கையொப்பம் விழுந்திருந்தது. ஆகவே அந்த இருவரும் வெளியே வந்தார்கள். மற்ற முப்பத்தாறும் ஒழுங்காக உள்ளேயே நின்றன.

யானை வழக்கமான யானையின் அளவு. முன்னறையும் வழக்கமான முன்னறையின் அளவு. ஒன்றுக்குள் ஒன்று எப்படிக் கொண்டது என்று அளந்துபார்க்க யாருக்கும் நேரமிருக்கவில்லை. திரு இருதயப் படத்துக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவில் கொண்டது. “இஞ்சேருங்கோ, வந்த பெடியனைச் செருப்பைக் கழட்டச் சொல்லுங்கோ. இப்பதான் கூட்டினனான்,” என்றார் பிறிஜெற்.

கிளெமென்றுக்குச் செருப்பைப் பற்றிக் கவலையில்லை. வடக்கில் புலிகளோடு யுத்தம் நடந்த அந்த வருடங்களில், கொழும்பில் தமிழர் வீட்டில் யார் தங்கினாலும் பொலிசில் பதிய வேண்டும். சோதனையில் பதியாத ஆள் அகப்பட்டால், அவரோடு வீட்டுக்காரரும் ஜீப்பில் ஏறவேண்டும். முன்வீட்டு நாகேந்திரம் தன் மச்சாளின் மகனை ஒரு நாள் பிந்திப் பதியப்போய், பதினொரு நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தவர். வந்த பிறகு யாரோடும் கதைப்பதில்லை. வேறொருவரென்றால் யானையை ஒளிக்கப் பார்த்திருப்பார். கிளெமென்ற் ஆளுக்கொரு படிவம் எடுத்து, யானையினதை முதலில் நிரப்பினார். பெயர்: யானை. தகப்பன் பெயர்: தெரியாது. கொழும்புக்கு வந்த காரணம் என்ற இடத்தில் பேனை நின்றது.

“தம்பி, என்னத்துக்கு வந்தனீர்?”

கிஸ்கோ நெஞ்சை நிமிர்த்தினான். ரோமாபுரிக்குப் போய் அதைப் பொடியாக்க வந்ததாகச் சொன்னான். அவன் பேசிய பாஷை எதுவென்று ஒருவரும் விசாரிக்கவில்லை, விளங்கியது.

“பொடியாக்கிறதை இதில எழுதேலாது. ரோமுக்குப் போக எண்டு மட்டும் போடுறன்.”

மேல்மாடியில் குடியிருந்த றேமண்ட் ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். ரோம் என்ற சொல் கேட்டதும் இறங்கி வந்து, யானையைச் சுற்றிக்கொண்டு கிஸ்கோவிடம் போய், எந்த வழியால் போவதாக உத்தேசம் என்று கேட்டார். ஸ்பெயினுக்குப் போய், அங்கிருந்து கால்நடையாகப் பனிமலை ஏறி இறங்குவதாக அவன் சொன்னான். றேமண்டின் முகம் கறுத்தது. “கிளெமென்ற் அங்கிள், என்ர றூட்டை ஆர் இவனுக்குச் சொன்னது?”

பின்னேரம் மூன்று மணிக்கு, பொலிஸ் நிலைய வரிசையில் யானை நிற்க முடியாது என்ற காரணத்தால், சார்ஜன்ட் ஒருவர் வீட்டுக்கே வந்து படிவங்களைச் சரிபார்த்தார். யானையின் அடையாள அட்டையைக் கேட்டார். இல்லை என்றார் கிளெமென்ற். நிரந்தர விலாசம் கேட்டார். கார்த்தேஜ் என்றார். சார்ஜன்ட்டின் பேனை அந்தரத்தில் நின்றது. கிளெமென்றின் சேர்ட் முதுகோடு ஒட்டியது.

“அது எங்க? யாழ்ப்பாணம் பக்கமா?”

“இல்லை மாத்தயா. ஆபிரிக்கா.”

“வன்னி?”

“இல்லவே இல்லை, மாத்தயா.”

அப்படியென்றால் சரி என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுச் சார்ஜன்ட் முத்திரையைக் குத்தினார். போகும்போது யானைக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தார்.

அடுத்த வருடம் றேமண்ட் கிஸ்கோவை ஏற்றிவிட்டார். அதற்கடுத்த வருடம் ரோமிலிருந்து தொலைபேசி வந்தது. கிளெமென்ற் எழுந்து நின்றுகொண்டு, “நகரம் விழுந்திட்டுதோ?” என்று கேட்டார். “இல்லை அங்கிள், ஒரு சாப்பாட்டுக் கடையில கோப்பை கழுவுறன். நல்ல ஆக்கள். திங்கக்கிழமை லீவு,” என்றான் கிஸ்கோ.

யானையை லொறியில் ஒளிக்க முடியாதென்று றேமண்ட் கைவிரித்துவிட்டார். படிவத்திலோ ரோமுக்குப் போவதாக எழுதியிருந்தது. போகும்வரை பெயரை வெட்ட முடியாது. பெயர் இருந்து ஆளைக் காணாவிட்டால் கிளெமென்ற் பதில் சொல்ல வேண்டும். ஆகவே யானை முன்னறையிலேயே நின்றது. சார்ஜன்ட்கள் மாறினார்கள், வந்தவர்கள் எல்லாரும் வீட்டில் மூன்று பேர் என்று எண்ணிவிட்டுப் போனார்கள். 2009இல் யுத்தம் முடிந்ததாக அறிவித்தார்கள். யானையின் பதிவு முடிந்ததாக யாரும் எழுத்தில் தரவில்லை.

வீட்டுக்கு வருகிறவர்களைப் பிறிஜெற் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் இருத்துகிறார்.