நதியா வந்துபோன வெள்ளிக்கிழமை

உமாதேவி கம்பம் ஊரிலிருந்த ஓவியப் பள்ளியில் சேர்ந்தது 2002 ஆகஸ்டில், வகுப்புகள் தொடங்கி இரண்டு மாதம் கழித்து. அப்பா ஞானசிகாமணிக்கு மின்வாரியத்தில் வேலை. லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு மாற்றல் வந்தபோது, மகளைக் கும்பகோணத்தில் விடுதியில் விட்டுவர அவருக்கு மனசு வரவில்லை. ஓவியக் கல்லூரியில் ஒரு வருடம் முடித்திருந்த பெண்ணை டி.சி.யோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

புதுப் பள்ளி ஓர் உரக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது. மாணவர்கள் மொத்தம் பதினோரு பேர். களிமண் கிடையாது, உட்கார்ந்து கொடுக்க மாடல் கிடையாது. சாயம் கரைக்கும் தண்ணீரைக் கீழே போய்க் குடத்தில் பிடித்துவர வேண்டும். உமா எதையும் வாய்விட்டுக் குறை சொல்லவில்லை. ஆனால் யார் எதைக் கேட்டாலும், "எங்க காலேஜ்ல..." என்றுதான் அவள் பேச்சு ஆரம்பித்தது.

சுருளிப்பட்டியில் இருந்து வரும் மாயக்காள் ஒருநாள் கேட்டேவிட்டாள். "ஏத்தா, எங்க காலேஜு எங்க காலேஜுங்கிறயே, அப்ப இது யாரு காலேஜு?"

உமா குனிந்து பென்சிலைச் சீவ ஆரம்பித்தாள்.

கும்பகோணத்தில் அவளும் நதியாவும் ஒரே பெஞ்சு. ஒரே மைப்புட்டியில் தொட்டு வரைவார்கள். இரண்டு பேருடைய கோடும் ஒன்றுபோலவே இருக்கும். பெயர் எழுதாத தாளைக் கையில் வைத்துக்கொண்டு, இது உமாவா நதியாவா என்று ஆசிரியர்களே குழம்புவார்கள். இங்கேயும் தாளை விரித்ததும் நதியாவுக்கு விடுவதுபோல இடது பக்கம் கொஞ்சம் இடம் விட்டே உட்காருவாள். அந்த இடத்தில் யாரும் வந்து உட்காரவில்லை. அவளும் யாரையும் கூப்பிடவில்லை. பகலெல்லாம் நதியாவுக்குச் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சேர்த்துக்கொண்டே இருந்து, கூடலூர் வழியாகப் பஸ்ஸில் வீடு திரும்பியதும் கடிதமாக எழுதுவாள்.

மாடல் இல்லாததால் மாணவர்களே ஆளுக்கொரு வாரம் உட்கார்ந்து கொடுப்பது அங்கே வழக்கம். அக்டோபரில் உமாவின் முறை வந்தது. ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் பத்துப் பேர் அவளைப் பார்த்தார்கள்.

முடிந்ததும் பத்துத் தாளையும் சின்னச்சாமி சார் தரையில் பரப்பினார். உமா குனிந்து பார்த்தாள். பத்துத் தாளிலும் அவள் தோளில் ஜோல்னாப் பை தொங்கியது. இறக்கி வைக்க மறந்தே உட்கார்ந்திருக்கிறாள். தங்கபாண்டி அவளுடைய குதிகாலைத் தரையில் படாமல் வரைந்திருந்தான். மாயக்காளின் படத்தில் முகம் பாதிதான் தெரிந்தது. மீதி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது.

"பஸ்ஸுக்கு நிக்கிற ஆள் மாதிரில்ல இருக்கு," என்றான் தங்கபாண்டி. யாரும் சிரிக்கவில்லை.

"நீங்க சொல்லியிருக்கலாம்ல, பையை எறக்கச் சொல்லி," என்றாள் உமா.

"நீயா எறக்கட்டும்னு இருந்தோம்," என்றாள் மாயக்காள்.

அன்று உமாவுக்கு வந்த கோபம் நாலு நாள் இருந்தது. பிறகு தண்ணீர்க் குடம் தூக்க மாயக்காளோடு அவளும் இறங்கினாள். குடத்தின் இன்னொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு படியேறும்போது பேசாமல் வர முடியாது. அப்படித்தான் பேச்சு ஆரம்பித்தது. மாயக்காள் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறாள் என்பதும், வீட்டில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் அந்தப் படிகளில்தான் தெரிந்தது. ஆனாலும் கும்பகோணத்துக் கடிதம் வராத வாரங்களில் உமாவால் ஒரு கோடுகூட இழுக்க முடியவில்லை.

பிப்ரவரியில் நதியாவிடமிருந்து நாலு வரி வந்தது. "வெள்ளிக்கிழமை காலைல வர்றேன். சாயங்காலம் கிளம்பிடணும். பஸ் ஸ்டாண்டுக்கு வா."

உமா ஐந்து மணிக்கே எழுந்து தலைக்குக் குளித்தாள். பஸ்ஸை விட்டு நதியா இறங்கியதும் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு கைகோத்துக்கொண்டு பள்ளிக்கு நடந்தார்கள்.

பள்ளி மாடியில் சின்னச்சாமி சார் நதியாவையும் வகுப்பில் உட்காரச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். உமாவின் இடது பக்கம் நதியா உட்கார்ந்தாள். இத்தனை மாதம் எதற்கு ஏங்கினாளோ அது அப்படியே கிடைத்துவிட்டது. அன்று மாடலாக உட்கார்ந்தவன் தங்கபாண்டி. இரண்டு பேரும் பேசிக்கொண்டே வரைந்தார்கள்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. "ஏய், பேசாம வரை. சார் வந்துட்டாக," என்றாள் உமா.

நதியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வந்துட்டாகவா? என்னடி இது, இந்த ஊர்ப் பேச்சு?" உமாவும் சிரித்தாள். சிரித்து முடிந்த பிறகு நதியா குனிந்து உமாவின் தாளைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"உன் கோடு மாறிடுச்சுடி."

"நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. அழுத்தமா இருக்கு." நதியா தன் தாளை அதன் பக்கத்தில் வைத்தாள். "இப்ப யாரும் குழம்ப மாட்டாங்க."

இரண்டு தாளும் இப்போது வேறுவேறு ஆளுடையவையாகத்தான் இருந்தன. எப்போது மாறியது என்று உமாவுக்குத் தெரியவில்லை. பக்கத்தில்தான் தோளோடு தோள் உரசிக்கொண்டு நதியா உட்கார்ந்திருக்கிறாள். ஆனாலும் அவளைப் பார்க்க வேண்டும்போல உமாவுக்கு இருந்தது.

மத்தியானம் மாயக்காளையும் சேர்த்து மூன்று பேரும் பரோட்டா சாப்பிட்டார்கள். நதியாவும் மாயக்காளும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். மூன்றரை மணிக்கு மதுரை பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்த நதியா, "நீயும் அங்க வாடி," என்றாள். "வர்றேன்," என்றாள் உமா. பஸ் தேனி ரோட்டில் திரும்பி மறையும்வரை நின்றாள். அதற்குப் பிறகும் நின்றாள்.

மாயக்காள் பக்கத்தில் வந்து முந்தானையால் அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"அழுகாத புள்ள. கும்பகோணம் இங்கன இருந்து எம்புட்டு நேரம்?"

"மதுரை மாறிப் போனா ஒன்பது மணி நேரம்."

"போக ஒம்போது, வர ஒம்போதா?" மாயக்காள் வாயில் கையை வைத்தாள். "ஆத்தாடி! ஒரு பகலு உன்கூட உக்காரவா அந்தப் புள்ள இம்புட்டுத் தூரம் வந்துச்சு?"

உமா அதை இப்படி எண்ணிப் பார்த்ததே இல்லை. இந்த ஆறு மாதமும் ஏங்கிக்கிடந்தது தான் மட்டும்தான் என்று நினைத்திருந்தாள். அங்கே அந்த பெஞ்சில் வலது பக்கம் காலியாக விட்டுக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. கேட்டிருக்கலாம். கேட்காமலே பஸ் ஏற்றி அனுப்பிவிட்டாள்.

லோயர் கேம்ப் பஸ் வந்து நின்றது. அவள் ஏறவில்லை. மாயக்காளின் கையைப் பிடித்துக்கொண்டு, கேட்காததை இன்றைக்கே நதியாவுக்கு எழுதிப் போட, தபாலாபீஸ் மூடுவதற்குள் போய்விட வேண்டும் என்று வேகமாக நடந்தாள்.