சனிக்கிழமைக் குளியல்

என் புருஷன் தோர்கில், கடல் தாண்டி வந்து குடியேறிய டேன் இனத்தவர். சனிக்கிழமை தவறாமல் குளிப்பார். எங்கள் ஊரில் அது பெரிய பேச்சு. இங்கிலாந்துக்காரர்களான நாங்கள் ஈஸ்டருக்கு ஒரு தடவை, கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை உடம்பை நனைத்தால் போதும் என்று இருப்பவர்கள். இவரோ வாரம் தப்பாமல் தொட்டி நிறைய வெந்நீர் கேட்பார். தினமும் எலும்புச் சீப்பால் தலை வாருவார். கட்டிக்கொண்ட புதிதில் எனக்கே எரிச்சலாக இருந்தது. விறகு என்ன சும்மாவா கிடைக்கிறது? பிறகு, சொல்ல என்ன வெட்கம், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவர் பக்கத்தில் நிற்பது எனக்குப் பிடித்துப்போயிற்று.

அவருடைய தாத்தா கப்பலில் வந்து கொள்ளையடித்தவர்தான். நான் மறைக்கவில்லை. வந்த மனுஷன் ஏர் பிடித்து இங்கேயே தங்கிவிட்டார். பேரன் எங்கள் பாஷையை எங்களைவிடச் சுத்தமாகப் பேசினார். என் அப்பாவைக் கொன்றதும் கப்பலில் வந்தவர்கள்தான். அவர்கள் வேறு ஆட்கள், அது வேறு வருஷம். ஆனால் என் தம்பி ஓஸ்வினிடம் அதைச் சொல்லிப் புரியவைக்க முடியுமா? என் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு வருஷம் அவன் என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

ஒருநாள் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

“அக்கா, உன் புருஷன் எப்படிக் குளிக்கிறாருன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்.”

“ஏன்டா, திடீர்னு என்ன வந்துச்சு உனக்கு?”

“மாவு அரைக்கிறவர் மக ஈடித் இருக்கால்ல, அவ சொல்றா... உன் மச்சான் மாதிரி குளிச்சுட்டு வந்தா பேசுறேன், இல்லாட்டி போய் பன்னிகிட்ட பேசுன்னு.”

உள்ளே இருந்த தோர்கில் சிரித்த சிரிப்பில் கூரை மேலிருந்த கோழி கீழே குதித்தது. அன்றிலிருந்து சனிக்கிழமை முதல் குளியல் புருஷனுக்கு, அதே தண்ணீரில் அடுத்தது தம்பிக்கு.

“உங்க தாத்தா எங்க ஊரைக் கொளுத்துனாரு. நீங்க எங்க விறகைக் கொளுத்துறீங்க, மச்சான்” என்பான் தம்பி.

“உங்க முப்பாட்டன் மட்டும் இங்கயே முளைச்சவரா? அவரும் கப்பல்ல வந்து, இருந்தவங்களை மலைக்குத் துரத்துனவருதானே” என்பார் இவர்.

டேன் பாஷையில் உள்ள கெட்ட வார்த்தை அத்தனையையும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். வேறு ஒன்றும் அவன் கற்றுக்கொள்ளவில்லை.

அந்த வருஷமும் டேன்களின் கொள்ளைக் கப்பல்கள் வந்தன. ராஜாவுக்குக் கடலில் இருக்கிறவனைப் பிடிக்கத் துப்பில்லை. பக்கத்து வீட்டில் இருக்கிறவன்மேல் பாய்ந்தார். நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, நாட்டில் உள்ள டேன்கள் எல்லோரையும் கொன்றுவிட உத்தரவு. நகரத்தில் டேன்கள் கோயிலுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்களாம். கோயிலோடு சேர்த்துக் கொளுத்திவிட்டார்களாம். சாயங்காலம் உப்பு விற்க வந்தவன் சொன்னான்.

மறுநாள் விடிந்ததும் ஆட்டுக்கு ரோமம் வெட்டும் கத்தரியால் தோர்கிலின் தலையையும் தாடியையும் கன்னாபின்னாவென்று வெட்டினேன். பன்றிச் சாணத்தை அள்ளி உடம்பெல்லாம் பூசி, பன்றிக்கொட்டிலில் உட்காரவைத்தேன். பிறகு வீடு வீடாகப் போனேன். என்னைக் கோபக்காரி என்று ஊரே சொல்லும். அன்று ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் கெஞ்சினேன். “நாங்க வாயே திறக்க மாட்டோம், மில்ட்ரெட்” என்றார்கள். நன்றியில் அழுதுவிட்டேன்.

நான் செய்த ஒரே தப்பு, விடியுமுன் பழக்க தோஷத்தில் வெந்நீர் போட்டது. சனிக்கிழமை அல்லவா, கை தானாக அடுப்பை மூட்டிவிட்டது. நான் திரும்பி வந்தபோது ஓஸ்வின் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தான். அன்று மதியம் ஈடித் வீட்டில் கல்யாண நிச்சயம் பேசப் போக வேண்டும்.

“டேய், இன்னிக்கு வேண்டாம்டா. எந்திரி.”

“போட்ட தண்ணி வீணாப் போகணுமா? எனக்கென்னக்கா பயம்? நம்ம அப்பனைக் கொன்னதே அவனுங்க. என்னைப் போய் எவன் டேன்னு சொல்வான்?”

நான் எழுப்புவதற்குள் ராஜாவின் மணியக்காரர் லியோஃப்ரிக் ஆறு ஆட்களோடு ஊருக்குள் வந்துவிட்டார். நகரத்துக்காரர், எங்கள் யாரையும் தெரியாது. “இங்க டேன் எவனும் இல்லைங்க” என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. “முகத்துல எழுதியா ஒட்டியிருக்கு? இன்னிக்கு சனிக்கிழமை. எவன் வீட்டுல வெந்நீர் புகையுதுன்னு பாருங்கடா” என்றார்.

நேராக என் வீட்டுக்கு வந்தார்கள். ஈரத் தலையோடு தம்பியை இழுத்து முற்றத்தில் நிறுத்தினார்கள். அவன் இடுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு கத்தினான். “நான் டேன் இல்லைங்க! ஊர்ல யாரை வேணா கேளுங்க!”

மணியக்காரர் ஊரைப் பார்த்தார். ஊர் தரையைப் பார்த்தது. எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார்கள்.

கொட்டில் கதவு திறந்தது. தோர்கில் வெளியே வந்தார். “அவனை விடுங்க. நீங்க தேடுற ஆளு நான்தான்.”

லியோஃப்ரிக் மூக்கைப் பொத்திக்கொண்டார். “நீயா? டேன்னா தலையாவது வாரியிருப்பான்டா!”

ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “சத்தியமா நான்தாங்க” என்று தோர்கில் எங்கள் பாஷையில் சுத்தமாகச் சொல்ல, இன்னும் சிரித்தார்கள்.

தம்பி அவரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அப்புறம் மணியக்காரர் முகத்துக்கு நேரே டேன் பாஷையில் கெட்ட வார்த்தைகளைக் கொட்டினான், ஒன்று விடாமல். சிரிப்பு நின்றது.

“அவன் பேச்சைக் கேக்காதீங்க” என்றான். “அவன் ஓஸ்வின். என் மச்சான். இவ கூடப் பொறந்தவன். அக்கா தனியாப் போயிடுவாளேன்னு உளர்றான். நான்தான் தோர்கில்.”

லியோஃப்ரிக் என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லும்மா. இவன்தான் உன் புருஷனா?”

இல்லை என்றால் புருஷன் போவார். ஆமாம் என்றால் தம்பி போவான்.

“ஆமா” என்றேன்.

தம்பி எனக்கு லேசாகத் தலையசைத்தான். அதைப் பார்த்துத்தான் சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவன் தலையசைத்தது நான் சொல்வதற்கு முன்னாலா, பின்னாலா என்பது எனக்கு நிச்சயமில்லை. எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன்.

முற்றத்திலேயே முடித்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் நான்கு பேர் தோர்கிலின்மேல் ஏறி உட்கார்ந்து வாயைப் பொத்தினார்கள். டேன்களுக்குக் கோயில் மண் கிடையாது என்று நகரத்திலிருந்து வந்த பாதிரியார் சொன்னார். கோயில் வேலிக்கு வெளியே, முட்செடிகளுக்குள் புதைத்தோம். அவன் இங்கிலாந்துக்காரன் என்று நான் சொல்லியிருந்தால் உள்ளே இடம் கிடைத்திருக்கும். எப்படிச் சொல்வேன்? ஈடித்துக்கும் தெரியும். அவளும் சொல்லவில்லை. அடுத்த வசந்தத்தில் வேறொருவனைக் கட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போனாள். அவளைக் குறை சொல்ல நான் யார்?

அன்று முதல் என் புருஷன் ஓஸ்வின் ஆனார். மணியக்காரர் எப்போது திரும்பி வருவாரோ என்று நானும் ஊரும் அப்படியே கூப்பிட்டுப் பழகினோம். பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர்தான் தெரியும்.

பதினான்கு வருஷம் கழித்து டேன்களின் ராஜாவே இங்கிலாந்துக்கு ராஜா ஆனார். சிரிக்காமல் கேளுங்கள்: லியோஃப்ரிக் இப்போது சனிக்கிழமை குளிக்கிறாராம், தலையை நடுவகிடு எடுத்து வாருகிறாராம். புது ராஜாவின் எழுத்தர் ஊருக்கு வந்தார். அந்த வெள்ளிக்கிழமையை ஒட்டிச் செத்த டேன்களின் எலும்புகளைக் கோயில் மண்ணுக்குள் எடுத்துவர வேண்டும், பெயர் சொல்லிப் பூசை வைக்க வேண்டும் என்று உத்தரவு.

“இனிமே என்ன பயம்? உங்க பேரைச் சொல்லிடுங்க. என் தம்பிக்கு அவன் பேரைக் குடுத்துடுங்க” என்றேன் புருஷனிடம்.

“என்னன்னு சொல்ல, மில்ட்ரெட்? ஒரு இங்கிலாந்துக்காரன் செத்தான், டேன் தப்பிச்சான்னா? அவனை மறுபடியும் வேலிக்கு வெளியதான் போடுவாங்க. இந்தப் பூசை டேனுக்குத்தானே” என்றார்.

அவர் சொன்னது சரி. அதனால்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

எலும்புகளை உள்ளே கொண்டுவந்தார்கள். மணி அடித்தது. பாதிரியார் “தோர்கில்” என்று வாசித்தார். என் புருஷன் தன் பெயருக்குத் தானே மண்டியிட்டு ஜெபம் செய்தார். மண்ணைத் தள்ளும்போது என்னால் தாங்க முடியவில்லை. ஒரே ஒரு தடவையாவது என் தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழ வேண்டும் என்று இருந்தது. குழியைப் பார்த்து, “ஓஸ்வின்!” என்று கத்தினேன்.

“என்னம்மா?” என்று என் புருஷன் திரும்பிப் பார்த்தார்.