மத்தியானத்து பென்டிரைவ்

டோல்கேட் பக்கம் காஜா மொய்தீன் நடத்திவந்த ஜெராக்ஸ் கடையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். கொஞ்ச நாளாக அதற்குள் என்னவோ புகுந்திருந்தது. எந்த பாஷையிலும் சேராத பெயர்களோடு நாலைந்து ஃபைல்கள் திரையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக அவற்றை அழிப்பார். சாயங்காலத்துக்குள் ஒன்று குறையாமல் திரும்பி வந்திருக்கும்.

அவராவது பொறுத்துக்கொள்வார், பிரிண்ட் எடுக்க வருகிறவர்கள் பொறுப்பார்களா? சங்கமித்ரா என்ற கல்லூரிப் பெண்ணின் பென்டிரைவிலும் அது தொற்றி, அவள் புராஜெக்ட் மொத்தமும் கண்ணில் படாமல் போனது.

"இன்னா பாய், கட வச்சிகினு கீறீங்க, இத்தகூட பாக்க மாட்டீங்களா?" என்று வாசலில் நின்று கத்திவிட்டாள். எப்படியோ மீட்டுவிட்டாளாம். ஆனாலும் பேச்சு பரவி, கூட்டம் எதிர்க்கடைக்குத் திரும்பிவிட்டது.

ராயபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவள் எல்சி. எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தாள். மறுநாளே ஃபைல்கள் வந்துவிட்டன. மறுபடி துடைத்தாள், மறுபடியும் வந்தன.

"பாய், இது வெளியிலேர்ந்து வருது. யார் பென்டிரைவயும் சொருகாதீங்கன்னு சொன்னேன்ல?"

"யாருதும் சொருகலம்மா."

"அப்ப உங்களுது எதுனா?"

மொய்தீன் காகிதக் கட்டை அடுக்குவதுபோல் நின்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து மூடி தொலைந்த ஒரு பென்டிரைவை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"செல்வத்தோடது. இந்தக் கட நாங்க ரெண்டு பேரும் ஆரம்பிச்சது."

செல்வத்துக்கு இன்னொரு வேலையும் இருந்தது. வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் எந்த மேட்ச், எந்தக் கூட்டம் என்றாலும் மைக் பிடிப்பது அவன்தான். கொரோனா இரண்டாம் அலையில் ஆஸ்பத்திரிக்குப் போனவன் வரவில்லை. மூலக்கொத்தளம் சுடுகாட்டில் எட்ட நின்று பார்த்ததோடு சரி. அதிலிருந்து தினமும் மத்தியானம் மொய்தீன் ஷட்டரைப் பாதி இறக்கி, டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த பென்டிரைவைச் சொருகி, அதில் பதிவாகியிருந்த செல்வத்தின் மைக் குரலைப் போட்டுக் கேட்பார். சொன்னால் சிரிப்பார்களோ என்று பயம். சொல்ல ஆளும் இல்லை.

எல்சி சிரிக்கவில்லை. "வைரஸ் இதுலதான் ஒட்டிகினு கீது பாய். என் லேப்டாப்ல அது வேல செய்யாது, பயப்படாதீங்க. குரல மட்டும் எடுத்துக்கலாம்" என்று சொருகினாள். குரல் கடை முழுக்க நிறைந்தது.

"ரசிகப் பெருமக்களே! கோல்கீப்பர் செருப்பை யாரோ மாத்திப் போட்டுகினு போயிட்டீங்க. அவரு வெறுங்கால்ல நிக்கறாரு. கோலு வுட்டா நீங்கதான் பொறுப்பு!"

எல்சி வாய்விட்டுச் சிரித்தாள். மொய்தீனுக்கும் சிரிப்பு வந்தது. இத்தனை நாள் கேட்டும் ஒருதரம்கூட அவர் அதற்குச் சிரித்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

எல்சி குரலை மட்டும் ஒரு புது பென்டிரைவில் போட்டுக் கொடுத்தாள். அதன்பிறகு ஃபைல்கள் வரவில்லை. ஒருவர் இருவராக ஆட்களும் வரத் தொடங்கினார்கள். ஆனால் மத்தியானம்தான் பாரமாகிவிட்டது. செல்வம் செருப்பைப் பற்றிச் சொல்லும் இடத்தில் கூடச் சிரிக்க யாருமில்லை. இரண்டு நாள் அப்படியே சாப்பாட்டை மூடிவைத்தார். மூன்றாம் நாள், கொடுங்கையூருக்கு வீடு மாறிப்போன செல்வத்தின் மனைவி கோவிந்தம்மாவுக்கு போன் போட்டார். அவன் போனதிலிருந்து அவளிடம் என்ன பேசுவதென்று தெரியாமலே இருந்துவிட்டவர்.

"அண்ணே? உசுரோட கீறீங்களா?"

"அவன் குரல் எங்கிட்ட கீதும்மா. மேட்ச்ல பேசனது."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டி.வி. நின்றது. பிறகு, "இன்னா பேசறாரு?" என்றாள்.

"கோல்கீப்பர் செருப்ப தேடறான். அப்பால மைக்க நிறுத்த மறந்துட்டு டீ கேக்கறான்."

"சக்கர போட்டா?"

"தூக்கலா."

"அடப்பாவி மன்சா! எங்கிட்ட சக்கரையே தொடறதில்லன்னு சத்தியம் பண்ணாரேண்ணே!"

அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று மொய்தீனுக்குப் பிடிபடவில்லை. போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஞாயித்துக்கெழம எடுத்துகினு வாங்கண்ணே. வூட்லயே சாப்புடலாம்" என்றாள்.