ஆக்கியவர்: வலன்ரைன்

2007 வசந்தத்தில் றொபின்சனின் எழுத்து டவுன்டவுன் எங்கும் ஒட்டியிருந்தது. நாடகச் சுவரொட்டியில், பியர் விளம்பரத்தில், மெட்ரோ வாசலில் கடை வாடகைக்கு என்ற அறிவிப்பில். தடித்த, குந்தியிருக்கும் எழுத்து. ஓரமெல்லாம் தேய்ந்து, உடம்பில் வெடிப்பு விழுந்து, மழையில் கிடந்த பெட்டியில் அச்சடித்தது போல. அவன் அதை இணையத்தில் இலவசமாக விட்டிருந்தான். நாற்பதாயிரம் பேர் எடுத்திருந்தார்கள். எழுத்துருவுக்குப் பேசாலை என்று தன் ஊரின் பெயரை வைத்திருந்தான். பிரெஞ்சுக்காரர் அதைப் பெசலே என்றார்கள், ஏதோ பாலாடைக்கட்டியைச் சொல்வது போல.

நான்கு வருடம் முன்பு அவனுடைய அகதி வழக்குத் தோற்றது. வேலை அனுமதியும் போனது. மச்சான் வலன்ரைனின் சின் காட்டை, வேலைக்கான எண் அட்டையை, தன்னுடையதாகக் காட்டி ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினான். மரக்கறி வந்த அட்டைப்பெட்டிகளை அறைக்குக் கொண்டுவந்து ஒவ்வொரு எழுத்தாக வெட்டினான். மை பூசித் தாளில் அழுத்தினான். அட்டை ஊறிப் பிய்யும்வரை அழுத்தி, பிய்ந்த பிறகு தாளில் விழுந்த அச்சையே ஸ்கான் செய்தான். முழுசாக விழுந்ததை எறிந்தான். பிரெஞ்சில் ஓர் எழுத்தின் கீழே சிறிய வால் தொங்கும். அதற்கு அட்டை சரிவரவில்லை. பெருவிரலை மையில் தோய்த்து அழுத்தினான்.

எல்லாம் முடிந்ததும் மென்பொருள் எழுத்துருவை ஆக்கியவரின் பெயரைக் கேட்டது. அவன் யோசிக்கவில்லை. அந்த நாட்களில் யார் பெயர் கேட்டாலும் அவன் வாயும் கையும் வலன்ரைன் என்றே சொல்லிப் பழகியிருந்தன.

இப்போது நாடுகடத்தும் கடிதம் வந்துவிட்டது. மாத முடிவில் விமானம். மிச்சமிருந்தது ஒரு மனு. இந்த நாட்டில் வேரூன்றிவிட்டேன், இரங்குங்கள் என்று கேட்கும் மனு.

"இங்கே என்ன செய்திருக்கிறீர்கள்?" என்று வழக்கறிஞர் கேட்டாள்.

அவன் சன்னலைக் காட்டினான். எதிர்ச்சுவரில் நாடகச் சுவரொட்டி. அவள் எழுந்து போய்ப் பார்த்தாள்.

"அந்த நாடகமா?"

"அந்த எழுத்து."

அவள் முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தாள். கணினியில் தேடினாள். பிறகு திரையை அவன் பக்கம் திருப்பினாள். "இது வேறொருவர் பெயர்."

அவன் பெருவிரலைப் பற்றிச் சொன்னான். குடிவரவுக்காரரிடம் தன் கைரேகை இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றான். அவள் அந்த வாலைப் பெரிதாக்கினாள். கறுப்புக்குள் நான்கு வெள்ளைக் கோடுகள்.

"போதாது," என்றாள். "போதுமென்றாலும், ஏன் அந்தப் பெயர் என்று கேட்பார்கள். என்ன சொல்வீர்கள்?"

அவன் மறுபடி சன்னலைப் பார்த்தான்.

"அந்த ஆள் இது தன்னுடையதில்லை என்று சத்தியக்கடிதம் தந்தால் முயன்று பார்க்கலாம். அவரையும் அதே கேள்வி கேட்பார்கள். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்."

வலன்ரைன் செயின்ட்-மிஷேல் பக்கம் இரண்டாம் மாடியில் தனியாக இருந்தான். மனைவி றோசலின் இன்னும் ஊரில். றொபின்சன் சொல்லி முடிக்குமுன் சிரித்தான்.

"என்ரை கையெழுத்தே கோழி கிண்டினது மாதிரி. நான் எழுத்துச் செய்தனான் எண்டு எந்த விசரன் நம்புவான்?"

"நாற்பதாயிரம் பேர் நம்பிக்கொண்டிருக்கினம்."

"அடேய், ஏனடா என்ரை பேரைப் போட்டனி?"

"அப்ப நான் நீதானே."

வலன்ரைன் சிரிப்பை நிறுத்தினான். மேசையில் கிடந்த ரிமோட்டை எடுத்து, பார்த்து, வைத்தான்.

"கடிதம் தந்தா, இவன் ஏன் உன்ரை பேரை எழுதினவன் எண்டு கேப்பாங்கள் என்ன?"

"ஓம்."

"காட்டைக் குடுத்ததைச் சொல்லவேணும்."

"ஓம்."

"றோசலின்ரை விசாப் பைல் கொழும்பிலை கிடக்குது மச்சான். மூண்டு வருசம். போன மாசந்தான் மெடிக்கல் செய்தவள். ஸ்பொன்சர் பண்ணினவன் காட்டை வாடகைக்கு விட்டவன் எண்டால்…"

"நீ சும்மா தந்தனி. வாடகை வாங்கேல்லை."

"அதை ஆரடா கேக்கப்போறான்?"

றொபின்சன் தலையசைத்தான். வலன்ரைன் தேத்தண்ணி போட எழுந்தான். கேத்திலை அடுப்பில் வைக்காமல் திரும்பி வந்தான்.

"உன்ரை சாமான்தானே. நீயே பேரை மாத்தேலாதோ?"

"மாத்தலாம்."

"பின்னை மாத்தன்! இவ்வளவு நேரமும் என்னைப் போட்டு உருட்டினனி."

அவன் கணினியைக் கொண்டுவந்து வைத்தான். றொபின்சன் இணையத்திலிருந்து எழுத்துருக் கோப்பை இறக்கித் திறந்து, ஆக்கியவர் என்ற கட்டத்துக்குப் போனான். வலன்ரைன் என்பதை அழித்துத் தன் முழுப்பெயரைத் தட்டினான். ஒரு நிமிடமும் ஆகவில்லை.

"முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது."

"பிறகென்ன?"

"இதை நீயும் செய்யலாம். கீழ்வீட்டுக் கிழவனும் தன்ரை பேரைப் போடலாம். திகதி இண்டைக்கு எண்டு விழும். வெளியிலை நாற்பதாயிரத்திலை உன்ரை பேர்."

வலன்ரைன் நாற்காலியில் இருந்தான். முழங்கால்களைத் தடவினான். "நான் கெட்டவன் இல்லையடா," என்றான்.

"தெரியும்."

"அவள் அங்கை தனிய."

"தெரியும் மச்சான்."

போர் மூண்டிருக்கும் மன்னாரில், பேசாலையில், இப்போது யார் போய் இறங்கினாலும் என்ன நடக்கும் என்பதும் இருவருக்கும் தெரியும்.

றொபின்சன் தன் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். எழுத்துப்பிழை இல்லை. ஒரே எழுத்துரு இரண்டு பெயரில் கிடந்தால், யாராவது ஒருநாள் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் இந்த வீட்டு மணியைத்தான் அடிப்பார்கள். அவன் எழுத்துருக் கோப்பை மூடப்போனான். மாற்றங்களைச் சேமிக்கவா என்று திரை கேட்டது. வேண்டாம் என்பதை அழுத்தினான்.

"சேவ் பண்ணினியோ?" என்றான் வலன்ரைன்.

"இல்லை."

வலன்ரைன் ஏனென்று கேட்கவில்லை. றொபின்சன் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, கடிதம் இல்லை என்று வழக்கறிஞருக்குத் தொலைபேசி எடுக்கக் கீழே இறங்கினான்.