முகமில்லாத அப்பாவு

1
இது விமர்சனமாக எழுதக் கிளம்பியது. தில்லியில் கௌஷிக் என்ற சிற்பியின் தனிக் கண்காட்சி. கூடம் முழுக்க ஆளுயர பிளாஸ்டர் உடம்புகள். ஒன்றுக்கும் துணியில்லை, ஒன்றுக்கும் முகமில்லை. 'உடல் என்பது யாதெனில்' என்று ஆரம்பித்து

அங்கேயே படுத்துவிட்டது. தொந்தி சரிந்த ஓர் ஆண் சிலைக்கு முன்னால் ஓர் அம்மாள் நகராமல் நின்றுகொண்டிருந்தார். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. இனி வருவதெல்லாம் என் கற்பனைதான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

2
மஹாலட்சுமி என்று பெயர் வைக்கிறேன். கோல் மார்க்கெட் பக்கம் வீடு. கணவர் அப்பாவு, சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா, தீபாவளிக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் பெயருக்குத்தான் அழைப்பிதழ் வந்தது. எதற்கு வந்தது என்று புரியாமல், மாடி வீட்டு உஷாராணியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு இந்த அம்மாள் வந்திருக்கிறார்.

அப்பாவு மே மாத வெயிலிலும் பனியனைக் கழற்றாத மனுஷன். பெண்டாட்டி முன்னாலேயே துண்டைச் சுற்றிக்கொண்டுதான் வேட்டி மாற்றுவார். அப்பேர்ப்பட்டவர் 'வாக்கிங்' என்று சொல்லிவிட்டுப் போய் கௌஷிக் முன்னால் துணியில்லாமல் சிலைக்கு நின்றிருக்கிறார். ஏன் நின்றாரென்றால்... தெரியவில்லை ஐயா. எழுதி எழுதிப் பார்த்துவிட்டேன்.

(ஒரு கள்ளக்காதலும் வைத்துப் பார்த்தேன். சகிக்கவில்லை, அடித்துவிட்டேன்.)

3
சிலையின் அடிவயிற்றில் ஹெர்னியா ஆபரேஷன் தழும்பைப் பார்த்ததும் மஹாலட்சுமிக்குத் தெரிந்துவிட்டது. கட்டுப் பிரித்து மருந்து போட்ட கையல்லவா?

அடப்பாவி மனுஷா, எனக்குக்கூடக் காட்டலையே என்று வயிறு எரிந்தது. அடுத்த நிமிஷமே, இந்த ஜனவரிக் குளிரில் இப்படி நிற்கிறாரே என்று இருந்தது. கை தன்னால் தோளிலிருந்த சால்வைக்குப் போனது.

"என்னக்கா, இதையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்றாள் உஷாராணி. "ச்சீ, யாரோ வெக்கங்கெட்ட ஆளு. ஜல்தி வாங்க, அங்க டீ குடுக்கிறாங்க."

"நீ போ, வர்றேன்."

அவளாவது போவதாவது!

போர்த்தினால் அது அப்பாவு என்றாகிவிடும். உஷாராணிக்குத் தெரிந்தாலும் ஒன்று, கோல் மார்க்கெட்டில் தமுக்கடித்தாலும் ஒன்று. போர்த்தாவிட்டால், தாலி கட்டியவர் ஊர் பார்க்க அம்மணமாக நிற்பார்.

4
முடிவு ஒன்று: போர்த்துகிறார். கூடமே கைதட்டுகிறது. (தூ! கைதட்டலாம் கைதட்டல்.)

முடிவு இரண்டு: டீ குடித்துவிட்டு ஆட்டோ பிடிக்கிறார். வீட்டுக்குப் போய் அவருடைய பனியனை எடுத்து... இல்லை, இது என்னால் ஆகாது.

மூன்றாவதாக, உஷாராணியை நானே டீ குடிக்க அனுப்பிவிட்டேன். எழுதுகிறவனுக்கு அந்த அளவு அதிகாரம் உண்டு. காவலாளியையும் கௌஷிக்கையும் வெளியே போகச் சொல்லிவிட்டேன். கூடம் காலி. மஹாலட்சுமி சால்வையைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறார். ஆனாலும் போர்த்தவில்லை. கூசிக் கூசி இந்தப் பக்கமே பார்க்கிறார்.

நாம் இரண்டு பேர் இருக்கிறோமே!

நான் எழுதுவதை நிறுத்திக்கொள்கிறேன். நீங்களும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்.